பதின்மூன்றாம் மாதக் கூலி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எழுத உட்காருவதற்கு முன் தெருமுனைக் காவல்சாமி கோயிலுக்குப் போனேன். குறி கேட்கிற பிறைக்கட்டை இரண்டையும் தரையில் போட்டு, "நான் சொல்லப்போவது உண்மைதானே?" என்று கேட்டேன். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமி ஆமோதித்தார் என்று அர்த்தம். தொடர்ந்து மூன்று தடவை அப்படித்தான் விழுந்தது. அதற்கு முன்னால் பதினோரு தடவை வேறு மாதிரி விழுந்தது. அன்று சாமிக்குத் தூக்கக் கலக்கம் என்பதால் அவற்றை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரான ஷெத்தோவில் மூன்று சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. கொய்யா, காலுறை, முதலாளி. வீட்டு முன்கூடத்தில் நாலு காலுறை எந்திரத்தைப் போட்டவன் மறுநாளே பெயர் அட்டை அடித்துக்கொண்டு 'தலைவர்' ஆகிவிடுவான். தெருவில் நின்று "தலைவரே" என்று கூப்பிட்டால் ஒரே ஒரு கறுப்பு நாயைத் தவிர எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நாய்க்குக் காது கேட்காது.

நான் தலைவர் ஆகவில்லை. எந்திரங்களுக்கு ஊசி மாற்றுவது என் பிழைப்பு. ஒரு எந்திரத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு ஊசி. அதில் ஒன்று வளைந்தாலும் காலுறையில் ஏணி மாதிரி ஓட்டை விழும். வீடு வீடாகப் போய் எந்திரத்துக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன் என்பதால் அந்தந்த வீட்டுச் சண்டையும் எனக்கு அத்துப்படி. ஊரில் என்னை 'ஊசி அண்ணே' என்பார்கள்.

இந்தத் தலைவர்கள் எல்லாருக்கும் எந்திரம் ஓட்டத் தெரியும். கணக்கு எழுத ஒருவருக்கும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நூல் வாங்கிய பில், விரல்முனை தைத்த கூலிக்கான பில், அட்டைப்பெட்டி பில், விற்ற சரக்கின் பில் என்று எல்லாவற்றையும் அடுக்கிக் கூட்டி, பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வரி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் அபராதம். அந்த வேலையைச் செய்துகொடுத்தவள் பாவ்சூ. நாற்பத்தொரு பட்டறைகளின் கணக்கு அவள் கையில் இருந்தது. அவள் புருஷன் தியென்ஷெங் ஸ்கூட்டரில் பட்டறை பட்டறையாகப் போய்க் காலியான காலுறைப் பெட்டியில் பில்களை வாரிக்கொண்டு வருவான்.

பாவ்சூவின் திறமையைப் பற்றி மிகைப்படுத்த எனக்கு மனமில்லை. ஒரு தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பில்லை முகர்ந்து பார்த்துவிட்டு, "தொழிலாளிங்க சாப்பாடுன்னு எழுதியிருக்கீங்க. இதுல மீன்தலைக் குழம்பு வாசனை அடிக்குது. அவங்களுக்கு நீங்க என்னிக்கு மீன்தலை வாங்கிப் போட்டீங்க?" என்று ஒரு தலைவரைக் கேட்டாள். அவர் அன்று மாலையே தொழிலாளிகளுக்கு மீன்தலை வாங்கிப்போட்டார்.

இதற்கு அவள் வாங்கியது மாதம் இரண்டாயிரம் யுவான். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். எங்கள் தீவின் வடமுனையிலிருந்து தென்முனை வரைக்கும் கணக்கெழுதுகிறவர்களுக்கு அதுதான் வழக்கம். பன்னிரண்டு மாதம் பில் வேலைக்கு, பதின்மூன்றாவது மே மாதத்தில் ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுப்பதற்கு. தலைவர்கள் நூல்காரனிடம் பேரம் பேசுவார்கள், பெட்டிக்காரனிடம் பேசுவார்கள், கோயிலில் சாமியிடமே பேசுவார்கள். பதின்மூன்றாம் மாதத்தைப் பற்றி முணுமுணுப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் குடியரசு ஆண்டு எண்பத்தாறு, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் இப்படித்தான் போயிற்று.

அன்று வான்ஃபூ தலைவரின் பட்டறையில் எந்திரத்துக்கு அடியில் கிடந்தேன். வான்ஃபூவுக்குப் பதினாறு எந்திரம். காலுறை முதலாளிகள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், ஆகவே இரண்டு மடங்கு தலைவர். நகரத்திலிருந்து கோ என்று ஒருவர் வந்திருந்தார். அங்கே பெரிய கணக்கு நிறுவனம் ஒன்றின் ஆள். எங்கள் ஊரிலும் ஆறு மாதம் முன்பு ஒரு கிளை திறந்திருந்தார்கள். கையில் நிலாத் திருவிழாப் பலகாரப் பெட்டி, முகத்தில் சிரிப்பு. அந்த நேரம் பார்த்துத் தியென்ஷெங் பில் வாங்க வந்து நின்றான்.

"மாசம் ஆயிரத்தி இருநூறுதான் சார். பன்னெண்டே மாசம். காலண்டர்ல எத்தனை இருக்கோ அத்தனை," என்றார் கோ.

"காதுல விழுந்துச்சா தியென்ஷெங்?" என்றார் வான்ஃபூ. "சந்திரப் பஞ்சாங்கத்துலயே அதிக மாசம் மூணு வருஷத்துக்கு ஒருக்காத்தான் வருது. உங்க வீட்டுக்கு மட்டும் வருஷா வருஷம் வருதே, அது எப்பிடிப்பா?"

"மே மாசம் முழுக்க உங்க வருஷக் கணக்க முடிக்கிறது யாருண்ணே? அந்த மாசம் அவ நின்னுக்கிட்டேதான் சோறு திங்கிறா."

"நின்னு தின்னாச் செரிக்காது. அதுக்கு நான் ரெண்டாயிரம் அழணுமா?"

"நீங்க உக்காந்து தின்னும் செரிக்கலையே," என்றாள் வான்ஃபூவின் மனைவி யின்மெய். கொய்யாவை நறுக்கி, புளிப்புப் பிளம் பொடி தூவிக்கொண்டிருந்தாள். "தம்பி, நீ எடுத்துக்க. இவரு பேச்சக் கேட்டுக்கிட்டு வெறும் வயித்தோட நிக்காத."

"நீ சும்மா இருடி. இது தொழில் பேச்சு."

"ஆமா, பெரிய தொழிலு. தெனம் மத்தியானம் நூல் கிடங்குக்குள்ள போனா ரெண்டு மணி நேரம் ஆளயே காணோம். கேட்டா இருப்பு எண்றாராம்."

நான் எந்திரத்துக்கு அடியிலிருந்து, "தலைவரே, அந்தத் திருப்புளிய எடுங்க," என்றேன். கோவும் சேர்ந்து குனிந்தார். ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் 'தலைவர்' பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வான்ஃபூ முடிவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை பதினஞ்சாம் தேதி சாயங்காலம் சங்கக் கூட்டம். முப்பது பேர் சேந்து கையெழுத்துப் போட்டா ஆயிரத்து நூறுக்கே முடிச்சுத் தர்றேங்கறாரு. வருஷத்துக்குப் பன்னெண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம்ப்பா. நானும் புள்ளகுட்டிக்காரன். இந்தத் தடவக் கணக்க மட்டும் உம் பொண்டாட்டி முடிக்கட்டும். அப்புறம் ஆண்டவன் விட்ட வழி."

தியென்ஷெங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். நானும் பின்னாலேயே போனேன். பாவ்சூ வீட்டில் அன்று சிப்பி போட்ட சேமியாக் கஞ்சி என்று எனக்கு முன்பே தகவல்.

வீடும் அலுவலகமும் ஒரே கட்டடத்தில்தான். பாவ்சூ காதில் பென்சிலைச் செருகியபடி கஞ்சியை அளந்து ஊற்றினாள். புருஷன் சொன்னதை எல்லாம் கேட்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"நாப்பத்தொண்ணுல பத்துப் போனாத் தாங்கிக்கலாம்," என்றாள். "இருபது போனா விவசாயிகள் சங்கத்துல வாங்கின கடனுக்குத் தவணை கட்ட முடியாது. முப்பது போனா, இந்த வீட்டுச் சாவியக் கொண்டுபோய் அவங்க மேசையில வெச்சிட்டு வரவேண்டியதுதான்."

"நாமளும் ஆயிரம்னு இறங்கினா என்ன?" என்றான் தியென்ஷெங்.

"இறங்கலாம். கூலியில பாதி குறைச்சா வேலையிலயும் பாதி குறைக்கணும். எந்தப் பாதிய எடுத்து வெளிய போடறதுன்னு நீயே சொல்லு."

"அப்பிடி என்னதான் பண்றேன்னு அவங்களுக்கே தெரியாதே பாவ்சூ. ஒரு தடவ எடுத்துச் சொன்னாத்தான் என்ன?"

"சொல்லமாட்டேன். சொன்னா அவங்களுக்குத்தான் வெக்கம். ஊசி அண்ணே, இன்னும் ரெண்டு சிப்பி போடட்டுமா?"

"போடும்மா," என்றேன். மற்றவர்களின் துன்பத்தில் எனக்குப் பசி கூடும். அது ஒரு வியாதி.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை பிடித்தது. அதை மழை என்று சொல்வது அதற்கு மரியாதைக் குறைவு. வானம் தன் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் பாசனக் கால்வாய் கரையை மறந்தது. தோப்பில் மரத்தோடு பிளாஸ்டிக் பை மாட்டிவிட்ட கொய்யாக்கள் பையோடு அறுந்து, காற்றடைத்த கப்பல்களைப் போல அணிவகுத்துத் தெருவில் மிதந்து வந்தன. முன்னால் வந்த ஒன்றின் மேல் ஒரு தவளை உட்கார்ந்து வழி காட்டியது.

பாவ்சூவின் அலுவலகத்துக்குள் தண்ணீர் மேசை உயரத்துக்கு ஏறியது. வரிசையாக அடுக்கியிருந்த நாற்பத்தொரு பெட்டிகளும் ஊறி, வாய் பிளந்து, ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பில்களும் அறை முழுக்க மீன்குஞ்சு மாதிரி சுற்றின. தியென்ஷெங் நீந்தினான். நான் அலமாரி மேல் ஏறி நின்று, எது எங்கே போகிறது என்று கத்தினேன். சரிபாதி வேலை அதுதான். சல்லடையில் அள்ளி எண்ணியபோது ஒன்று குறைந்தது. சன்னல் வழியாக வெளியேறப் பார்த்த ஒரு கெண்டையின் வாயில் அது இருந்தது. நியாயமாகவே கேட்டு வாங்கினேன்.

பாவ்சூ வரி அலுவலகத்துக்குப் போன் செய்து, நாள் நீட்டிக்க முடியுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி.

"புயல் விடுமுறை எதுவும் அறிவிக்கலையேம்மா. இங்க நல்ல வெயிலடிக்குது. மழை உங்க தெருவுல மட்டும் பெஞ்சுதா?"

"ஆமாம்மா. எங்க தெருவுல மட்டுந்தான்."

"அப்ப திங்கக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க," என்று வைத்துவிட்டாள்.

பாவ்சூ ஈரக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. ஒரு பில்லை நகத்தால் பிரித்துப் பார்த்தாள். கிழிந்தது. "நாப்பத்தொரு பேருக்கும் அபராதம். அதோட சரி. கோ கையெழுத்தே வாங்க வேணாம், அவங்களே ஓடிடுவாங்க," என்றாள்.

விசிறி போட்டால் பறக்கும், அடுப்பில் வைத்தால் எரியும். மறுநாளும் வானம் மூட்டம். காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்நாளில் வந்த யோசனைகள் இரண்டு. முதலாவது கல்யாணம், அது சரிப்படவில்லை.

நெய்து முடித்த காலுறை சுருங்கிய வற்றல் மாதிரி இருக்கும். அதை அலுமினியக் கால்களில் மாட்டி நீராவிப் பெட்டிக்குள் அனுப்பினால் கடையில் பார்க்கிற வடிவத்தில் வெளியே வரும். வான்ஃபூவின் பட்டறையில் அப்படிப்பட்ட பெரிய எந்திரம் இருந்தது. இருநூற்று நாற்பது அலுமினியக் கால்கள், தலைகீழாகப் புதைத்த ஆட்களைப் போல விரல்நுனி வானத்தைப் பார்க்க வரிசையில் நிற்கும். ஈரப் பில்லை அந்தப் பாதங்களில் சுற்றி, நீராவியை மூடிவிட்டு வெறும் சூட்டை மட்டும் விட்டால்?

"முடியாது," என்றார் வான்ஃபூ. "எந்திரம் காலுறைக்கு வாங்கினது. கண்ட காகிதத்துக்கும் சூடேத்தினா டீசல் யாரு தருவா?"

"அண்ணே, அதுல உங்க பில்லும் இருக்கு," என்றாள் பாவ்சூ.

"என் பில்லத் தண்ணியில விட்டவ நீ. அபராதத்தயும் நீதான் கட்டணும். பதிமூணாவது மாசம் வாங்கறல்ல? அதுலேர்ந்து கட்டு."

யின்மெய் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். "ஏங்க, வெள்ளத்த இவளா கூப்ட்டுவிட்டா? பில்லு போனா நூல் வாங்கினதுக்கு என்ன சாட்சி? வரி ரெண்டு மடங்கு வரும். கட்டறது யாரு, உங்க கோவா?" அவர் பதில் சொல்வதற்குள் குழாயின் சக்கரத்தைத் திருகினாள். எந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தது. யின்மெய்யை எதிர்த்து அந்த வீட்டில் எதுவும் படுத்துக் கிடந்ததில்லை, வான்ஃபூ ஒருவரைத் தவிர.

சேதி பரவி நாற்பத்தொரு பட்டறையிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். காலுறை மாட்டுகிற பெண்கள் வரிசையில் நின்றார்கள். நிமிடத்துக்கு இருபது ஜோடி மாட்டுகிற கைகள் அவை. ஒருத்தி ஈரக் குவியலிலிருந்து பில்லை ஊசியால் பிரிப்பாள், அடுத்தவள் பாதத்தில் சுற்றுவாள், மறுமுனையில் ஒருத்தி சூட்டோடு உருவி எடுப்பாள். பட்டறை முழுக்க ஈரக் காகிதமும் எந்திர எண்ணெயும் கலந்த நெடி. யின்மெய் பெரிய அண்டாவில் பன்றிக்கறிக் குழம்பும் சோறும் வைத்தாள். சாப்பிடுகிறவன் ஒரு கையால் சாப்பிட்டான், இன்னொரு கையால் பில் உருவினான். நான் இரண்டு கையாலும் சாப்பிட்டேன். எந்திரத்தைக் கவனிக்க எனக்குக் கண் போதும்.

முத்திரையின் சிவப்பும் பேனாவின் நீலமும் ஊறிக் கத்தரிப்பூ நிறத்தில் பரவியிருந்தன. அடியில் எண்கள் மங்கலாகத் தெரிந்தன, படித்துவிடலாம். ஆனால் பின்பக்கத்தில் பாவ்சூ எழுதியிருந்தது அப்படியே நின்றது. பென்சில் தண்ணீருக்குக் கரைவதில்லை.

முதலில் அதைப் பார்த்தவள் யின்மெய். ஒரு பில்லை உருவினாள், திருப்பினாள், உரக்கப் படித்தாள்.

"'மசாஜ் நாற்காலி, முப்பத்தெட்டாயிரம். உற்பத்தி எந்திரம் என்று எழுதச் சொன்னார். இது காலுறை நெய்யாது. சேர்க்கவில்லை.'"

புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எங்கய்யா அந்த நாற்காலி?" என்றாள்.

வான்ஃபூ கூரையைப் பார்த்தார். "அது... நூல் கிடங்குல. மூட்டைங்களுக்குப் பின்னால. ஈரப்பதம் பாக்கறதுக்கு..."

"இருப்பு எண்றது இதுதானா! நான் இங்க முதுகு ஒடிய மாட்டிக்கிட்டு நிக்கிறேன், நீங்க அங்க உக்காந்து ஆட்டிவிட்டுக்கிட்டிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் மெதுவாகத் தங்கள் பில்லைத் திருப்பத் தொடங்கினார்கள், சிரிப்பு அப்போதே குறைந்தது.

மூன்றாவது சந்துப் பட்டறை ஹுவாங் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்: "'இந்த நூல்கடை ஜூன் மாதமே மூடிவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன், பூட்டு. பில் போலி. சேர்த்தால் அவர் நீதிமன்றம் ஏறவேண்டி வரும். தொலைபேசியில் சொன்னேன். திட்டினார்.'"

"ஆமா, திட்டினேன்," என்றார் ஹுவாங். "ஐயாயிரம் வரிய விட்டுக்குடுக்கச் சொல்றாளேன்னு அசிங்கமாத் திட்டினேன். அதே கடை பில்லு வெச்சிருந்த பக்கத்து ஊர்க்காரன் இப்ப வக்கீல் வீட்டுக்கு நடையா நடக்கறான்."

பெட்டி செய்கிற கிழவர் ஒருவரின் பில்லில் இருந்தது: 'மனைவி இறந்த மாதம். விற்பனை இல்லை. கூலி கேட்க வேண்டாம்.' இன்னொன்றில்: 'ஏழும் ஒன்றும் மாறிவிட்டது. விற்றவரைத் தேடிப்போய்ப் புது பில் வாங்கினேன். பேருந்து இரண்டு தடவை.' இன்னொன்றில்: 'இவருக்கு வரித் தள்ளுபடி உண்டு. அவருக்குத் தெரியாது. எழுதிவிட்டேன்.' அந்த 'இவர்' ஐந்து ஆண்டுகளாகத் தன் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தவர்.

வெந்நீர் எடுக்கப் போயிருந்த பாவ்சூ திரும்பி வந்து பார்த்தாள். நாற்பது பேர் பில்லைத் திருப்பிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் முத்திரை மையைவிடச் சிவந்தது.

"யாரு உங்களப் பின்பக்கத்தப் படிக்கச் சொன்னது?" என்று கத்தினாள். "வரி முன்பக்கத்துலதான் இருக்கு! குடுங்க, எல்லாத்தயும் குடுங்க!"

ஒருவரும் கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் கோ வந்து சேர்ந்தார், கையில் ஒப்பந்தக் கட்டோடு. ஹுவாங் அவரிடம் நேராகப் போய்த் தன் பில்லை நீட்டினார். "சார், உங்க ஆயிரத்து நூறுல இதெல்லாம் உண்டா?"

கோ படித்தார். இரண்டு தடவை படித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், விற்க வந்தவர், அவ்வளவுதான். "பொய் சொல்லமாட்டேன் சார். எங்ககிட்ட ஒரு ஆளுக்கு முந்நூறு கடை. பில்லோட பின்பக்கத்தத் திருப்பறதுக்கே நேரம் கிடையாது." பிறகு ஒப்பந்தக் கட்டை ஒரு மூட்டை மேல் வைத்தார், கோட்டைக் கழற்றினார், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "எந்தக் கால் காலியா இருக்கு?" என்றார்.

சனிக்கிழமை மாலைக்குள் ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டும் காய்ந்தன. ஞாயிறு முழுக்கப் பாவ்சூ கூட்டினாள். மணிச்சட்டத்தில் அவள் விரல் போன வேகத்தில் ஒரு மணி உருகிப் பக்கத்து மணியோடு ஒட்டிக்கொண்டது. அதை இன்னும் வைத்திருக்கிறார்கள், நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. எல்லாப் பில்லும் பாத வடிவத்தில் வளைந்துவிட்டன. குதிகால், வளைவு, விரல் எல்லாம் உண்டு. தட்டையாக அடுக்க முடியவில்லை. காலணிப் பெட்டிகளில்தான் வைக்க முடிந்தது, இடது வலது பார்த்து.

திங்கட்கிழமை பிற்பகல் வான்ஃபூவின் நீல நிறச் சரக்கு வண்டி முன்னே, பின்னால் முப்பத்தேழு ஸ்கூட்டர்கள். வரி அலுவலகத்தில் அந்தப் பெண் அதிகாரி பெட்டியைத் திறந்தாள். முதல் பில் கட்டை மேசையில் வைத்ததும் அது தன் குதிகாலில் நிமிர்ந்து நின்றது. அடுத்தது நின்றது. மின்விசிறிக் காற்று பட்டதும் இரண்டும் இடது, வலது என்று நாலு அடி நடந்து, முத்திரை மை டப்பா அருகில் போய் மரியாதையாக நின்றன. நான் பார்த்தேன். காவலாளியும் பார்த்தான், ஆனால் அவன் பிறகு வேலையை விட்டுவிட்டான்.

"இது என்னம்மா?" என்றாள் அதிகாரி.

"ஜூலை, ஆகஸ்ட் பில்லுங்க," என்றாள் பாவ்சூ. "தாமதமாகிடுச்சுன்னு அதுங்களே நடந்து வந்துருச்சு. எண்ணெல்லாம் சரியா இருக்கு, பாருங்க."

அவள் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுவர்க்கடிகாரம் நாலு ஐம்பத்திரண்டு, நாலு ஐம்பத்தைந்து என்று போனது. வான்ஃபூ வாய்க்குள் எல்லாச் சாமி பெயரையும் சொன்னார், பேரம் பேசாமல். நாலு ஐம்பத்தெட்டுக்கு அதிகாரி தலையை நிமிர்த்தினாள்.

"பன்னெண்டு வருஷமா இந்த மேசையில இருக்கேன். நாப்பத்தொரு கடையில ஒரு தப்புகூட இல்லாத கணக்க இப்பத்தான் பாக்கறேன்," என்று முத்திரையைக் குத்தினாள். நாற்பத்தொரு குத்து. வாசலில் நின்ற ஸ்கூட்டர்காரர்கள் ஒவ்வொரு குத்துக்கும் ஹாரன் அடித்தார்கள். கடைசிக் குத்துக்கு அதிகாரியே கைதட்டினாள்.

ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம். வான்ஃபூ எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். இரண்டு மடங்கு தலைவர் என்பதால் இரண்டு தடவை கனைத்தார்.

"பதிமூணாவது மாசத்தப் பத்தி நான் பேசினதெல்லாம் வாபஸ்," என்றார். "சிக்கனம்னு நெனச்சுப் பேசிட்டேன். அஞ்சு வருஷமா எனக்கு அபராதமே வரலன்னா, நான் பெரிய யோக்கியன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இல்ல. இந்தப் பொண்ணு ஒருத்தி ஒக்காந்து என் தப்பயெல்லாம் அழிச்சிக்கிட்டிருந்திருக்கா. இனிமே பதினாலு மாசமாக் குடுத்துடலாம்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்!" என்றாள் வாசலில் இருந்து யின்மெய். நாற்காலி அன்று காலையே கிடங்கிலிருந்து வெளியே வந்து, அவளுடைய மாட்டுகிற மேசைக்குப் பின்னால் இடம் மாறியிருந்தது.

பாவ்சூ எழுந்தாள். "பதினாலு வேணாம் அண்ணே. பதிமூணுதான் நியாயம், அது போதும். ஆனா மாசம் ரெண்டாயிரத்து இருநூறு. அடுத்த வருஷம் யாரும் பஞ்சாங்கம் பேசக்கூடாது."

"அந்த இருநூறு எதுக்கு?" வான்ஃபூவுக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

"பென்சிலுக்கு."

நாற்பத்தொரு பேரும் கை தூக்கினார்கள். வான்ஃபூ இரண்டு கையும் தூக்கினார். மூலையில் இன்னொரு கையும் எழுந்தது. கோ.

"அக்கா, எங்க கிளை ஆபீஸோட சொந்த பில்லெல்லாம் ஆறு மாசமா அட்டப்பெட்டியில கிடக்குது," என்றார். "ஊருக்கெல்லாம் எழுதறோம், எங்களுக்கு எழுத ஆள் இல்ல. நீங்க எழுதித் தருவீங்களா? எவ்வளவு ஆகும்?"

பாவ்சூ காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். "உங்களுக்குப் பதினாலு மாசம்."

"ஏங்க்கா எனக்கு மட்டும்?"

"கணக்கெழுதறவங்க பில்லுதான் இருக்கறதுலயே மோசமா இருக்கும். எனக்குத் தெரியாதா?"

கோ முன்பணத்தை அங்கேயே எண்ணி வைத்தார். மறுநாள் காலை பாவ்சூ விவசாயிகள் சங்கத்துக்குப் போய் மூன்று தவணையை ஒன்றாகக் கட்டிவிட்டு வந்தாள். அன்று நிலாத் திருவிழா. நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் பலகாரப் பெட்டியும் பம்பளிமாசும் வந்து குவிந்தன. தெருவில் அடுப்பு மூட்டிக் கறி சுட்டோம். வான்ஃபூ தன் கைக்காசில் கறி வாங்கி வந்தார், அதன் பில்லைப் பாவ்சூவிடம் நீட்டவும் இல்லை. தியென்ஷெங் ஒரு கோப்பை குடித்துவிட்டு, "எம் பொண்டாட்டி நின்னுக்கிட்டே சோறு திங்கிறவ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பாடினான். பாவ்சூ அன்றைக்கு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள், மூன்று கிண்ணம்.

இப்போதும் யாராவது வந்து பார்க்க விரும்பினால் பார்க்கலாம். பாவ்சூவின் அலுவலகம், அவள் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை, அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. கெண்டை வெளியேறப் பார்த்த சன்னலும் அங்கேதான்.